உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு ராம் டிஸ்க்

ஒரே பேட்சில் பாஸான அறுபது பேரின் ரெஸ்யூமேயை அடுக்கி வைத்துப் பாருங்கள். ஜாவா, பைத்தான், எஸ்க்யூஎல், கிட், 'டீம் பிளேயர்', 'குயிக் லேர்னர்'. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்றவர்களுக்கே தெரியாது. இன்டர்வியூ எடுப்பவர் ஒரு பேப்பருக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினால் அதிகம். அந்த ஒரு நிமிடத்தில் 'அட, இதைப் பற்றிக் கேட்கலாமே' என்று அவருடைய பேனா நிற்கிற மாதிரி ஒரு வரி வேண்டும்.

அந்த வரியை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே, பைசா செலவில்லாமல், ஒரு வார இறுதிக்குள் சம்பாதிக்கலாம். ராம் டிஸ்க் போடுங்கள்.

விஷயம் எளிது. மெமரியில் ஒரு பங்கை ஒதுக்கி, அதை ஒரு டிரைவ் போல ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் காட்டுவது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும். நான்காம் தலைமுறை என்விஎம்இ 7,000 எம்பி வரை போகும். டிடிஆர்4-3200 ராம் ஒரு சேனலுக்கே 25.6 ஜிபி. கேட்டதை எடுத்துக் கொடுக்கும் நேரம் இன்னும் கூத்து: ஹார்ட் டிஸ்க்குக்குப் பத்து மில்லி நொடி அளவு, ராமுக்கு நூறு நானோ நொடி அளவு. ஒரு லட்சம் மடங்கு. கரன்ட் போனால் உள்ளே இருந்த அத்தனையும் போய்விடும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

இதைப் போட்டால் பழைய லேப்டாப்பும் பறக்கும் என்று வீடியோ போடுகிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள். முக்கால்வாசி வேலைகளில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஏன் தெரியவில்லை என்று உங்களால் சொல்ல முடிந்தால், பேனலில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். டிஸ்க் போடுவது அரை மணி நேர வேலை. மீதி நேரம் முழுக்க அந்த 'ஏன்' என்பதற்குத்தான்.

1. முதலில் கையிருப்பைப் பாருங்கள்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் டேபில் மெமரியைப் பாருங்கள். லினக்ஸில் 'ஃப்ரீ' கமாண்ட், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பார்த்தால் அது பொய்க்கணக்கு. நீங்கள் வழக்கமாக வேலை பார்க்கும் நிலையில் பாருங்கள்: குரோமில் இருபது டேப், விஷுவல் ஸ்டுடியோ கோட், ஒரு டாக்கர் கன்டெய்னர், பின்னணியில் பாட்டு. அப்போதும் மிஞ்சுவதுதான் உங்கள் கையிருப்பு. அதில் பாதிக்கு மேல் தொடாதீர்கள்.

8 ஜிபி மெஷின் என்றால் அரை ஜிபி, ஒரு ஜிபி வைத்துப் பழகிப் பார்க்கலாம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 16 ஜிபி என்றால் 2 முதல் 4 வரை. 32 ஜிபி வைத்திருப்பவர்கள் தாராளமாக 8 எடுக்கலாம். பேராசைப்பட்டால் என்ன ஆகும்? மெமரி பற்றாமல் ஆபரேட்டிங் சிஸ்டம் பேஜ் ஃபைலைத் தேடி ஓடும். டிஸ்க்கைத் தவிர்க்க ராமுக்கு வந்தவர், அதே டிஸ்க்கில் போய் நிற்பார்.

2. எங்கே, எப்படிப் போடுவது.

லினக்ஸ்காரர்களுக்கு இது சுலபம், ஏனென்றால் ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கிறது. 'டெவ்' டைரக்டரிக்குள் 'எஸ்ஹெச்எம்' என்று ஒன்று இருக்கும். அது டிஎம்பிஎஃப்எஸ் என்னும் மெமரி ஃபைல் சிஸ்டம். மொத்த ராமில் பாதி வரை போகலாம் என்பது அதன் டிஃபால்ட். தனியாக ஒன்று வேண்டுமா? காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, மவுன்ட் கமாண்டில் டைப் என்ற இடத்தில் டிஎம்பிஎஃப்எஸ், சைஸ் என்ற இடத்தில் 4ஜி என்று கொடுங்கள். முடிந்தது. ரீஸ்டார்ட் செய்த பிறகும் ஃபோல்டர் தயாராக இருக்க வேண்டும் என்றால் எஃப்எஸ்டேபில் ஒரு வரி சேருங்கள். 4 ஜிபி என்று எழுதியதும் 4 ஜிபி பறிபோய்விடாது. உள்ளே எவ்வளவு வைக்கிறீர்களோ அவ்வளவுதான் பிடிக்கும், 4 என்பது உச்சவரம்பு. இந்தத் தகவலை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

ராம்எஃப்எஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு உச்சவரம்பு கிடையாது. எழுத எழுத வளர்ந்துகொண்டே போய் மெஷினையே முடக்கும். ஸ்வாப்புக்கும் போகாது. வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டில் டிஎம்பிஎஃப்எஸ்ஸைப் பயன்படுத்துங்கள்.

சாதாரண விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் போய் ராம் டிஸ்க் போட வழியில்லை. வெளியிலிருந்து டூல் வேண்டும். ஐஎம்டிஸ்க் ஓப்பன் சோர்ஸ். ஓஎஸ்எஃப்மவுன்ட் இலவசம். ஏஎம்டி ரேடியான் ராம்டிஸ்க்கின் இலவசப் பதிப்பு 4 ஜிபி வரை தரும். எதுவானாலும் தயாரித்தவருடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இவை கெர்னல் அளவில் டிரைவர் போடுகிறவை. விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் 2 வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் வழியே திறந்திருக்கிறது.

மேக்கில் டெர்மினலைத் திறந்து ஹெச்டிஐயுடில் கமாண்டில் ராம் சைஸைக் கொடுக்க வேண்டும். அது ஜிபியில் கேட்காது, 512 பைட் செக்டார் எண்ணிக்கையில் கேட்கும். 1 ஜிபிக்கு 20,97,152 செக்டார், 2 ஜிபிக்கு 41,94,304. பிறகு டிஸ்க்யுடிலில் ஃபார்மட் செய்தால் டெஸ்க்டாப்பில் டிரைவ் வந்து நிற்கும். கணக்குப் போடாமல் 4096 என்று கொடுத்துவிட்டு, 2 எம்பி டிரைவைப் பார்த்து முழிப்பவர்கள் நிறைய.

கம்பெனி லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள். ஐடி டீமின் அனுமதியில்லாமல் கெர்னல் டிரைவர் போட்டால் செக்யூரிட்டி அலர்ட் போகும், அடுத்த நாள் உங்கள் மேனேஜருக்கு மெயில் வரும். ப்ரொபேஷனில் இருப்பவருக்கு இந்த வீரம் தேவையில்லை. 'வீட்டுக் கம்ப்யூட்டர்' என்று முதலிலேயே சொன்னது அதனால்தான்.

3. எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது.

பேஜ் ஃபைலை ராம் டிஸ்க்கில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ராம் தீர்ந்தால் பயன்படுத்தத்தான் பேஜ் ஃபைல். அதை ராமிலேயே வைப்பது, வட்டிக்காரருக்குக் கடன் அடைக்க அவரிடமே கைமாற்று வாங்குவது மாதிரி. ஃபோட்டோஷாப்பின் ஸ்க்ராட்ச் டிஸ்க்கும் இதே கேஸ். அந்த ராமை ஃபோட்டோஷாப்பிடமே விட்டால் ஸ்க்ராட்ச் பக்கம் போகும் தேவையே குறையும்.

பிரவுசர் கேஷை அங்கே மாற்றினால் எஸ்எஸ்டி தேயாமல் இருக்கும் என்பார்கள். கணக்குப் போடுவோம். சாம்சங் 870 ஈவோ 1 டிபி மாடலுக்குக் கம்பெனி தரும் எழுத்து உத்தரவாதம் 600 டிபி. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் 30,000 நாள் ஆகும், அதாவது 82 வருஷம். நீங்கள் ரிட்டயர் ஆகிப் பேரன் எடுத்த பிறகும் அந்தக் கணக்கு முடியாது. இந்தக் கவலையை ரெஸ்யூமேயில் காரணமாக எழுதிவிடாதீர்கள், தெரிந்தவர் கையில் மாட்டினால் சிரிப்பார்.

வைக்கத் தகுந்தவை: டெஸ்ட் டேட்டாபேஸ், பில்டின் இடைக்காலக் குப்பை, ஜிப்பைப் பிரித்து அலசிவிட்டுத் தூக்கிப் போடும் டேட்டா. மீண்டும் உருவாக்க முடியுமா என்பதுதான் அளவுகோல். புஷ் செய்யாத கோடு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், உங்கள் ரெஸ்யூமே எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது. பராமரிப்புப் பணிக்காக நிறுத்தும் கரன்ட்டைப் பற்றியாவது பேப்பரில் முன்கூட்டியே போடுவார்கள். தெரு டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் சொல்லிக்கொண்டு போகாது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்காரர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

4. அளந்து பாருங்கள். இங்கேதான் வேலையே.

முதலில் எல்லோரும் செய்வதை நீங்களும் செய்வீர்கள்: கிரிஸ்டல் டிஸ்க் மார்க் ஓட்டி, ஆயிரக்கணக்கில் எம்பி வருவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவீர்கள். போட்டுக்கொள்ளுங்கள். அனுபவசாலி ஒருவர் அதைப் பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்பார்: 'சரி, உங்க எந்த வேலை சீக்கிரம் முடிஞ்சது?'

ஆகவே வேலையை அளவிடுங்கள். உங்களிடம் இருக்கும் ஒரு ப்ராஜெக்டை எடுத்து எஸ்எஸ்டியில் ஒரு முறை, ராம் டிஸ்க்கில் ஒரு முறை பில்ட் செய்யுங்கள். லினக்ஸில் 'டைம்' கமாண்ட் போதும், பவர்ஷெல்லில் 'மெஷர் கமாண்ட்'. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை ஓட்டி, நடுவில் வரும் எண்ணை எடுங்கள். முதல் ஓட்டத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், எஸ்எஸ்டியில் முதல் ஓட்டம் மெதுவாக இருக்கும். இரண்டாவதிலிருந்து ராம் டிஸ்க்குக்குச் சரிக்குச் சமமாக வந்துவிடும். காரணம் பேஜ் கேஷ். ஒருமுறை படித்த ஃபைலை ஆபரேட்டிங் சிஸ்டம் காலியாகக் கிடக்கும் ராமில் தானாகவே வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கேட்டால் டிஸ்க்குக்குப் போவதே இல்லை. நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்ததை அது கேட்காமலே செய்துகொண்டிருந்தது. லினக்ஸில் 'ட்ராப் கேஷஸ்' மூலம் இந்தக் கேஷைக் காலி செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், எஸ்எஸ்டி மீண்டும் மெதுவாகும். நிரூபணம் கையில்.

விண்டோஸில் ராம் டிஸ்க் டூல் போட்டவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வேடிக்கை. ராம் டிஸ்க்கில் இருக்கும் ஃபைலையும், அது ஏதோ உண்மையான டிஸ்க் என்று நினைத்து, விண்டோஸ் மறுபடி கேஷில் ஏற்றும். ஒரே ஃபைல் ராமில் இரண்டு இடத்தில் கிடக்கும். லினக்ஸின் டிஎம்பிஎஃப்எஸ் நேராகப் பேஜ் கேஷிலேயே குடியிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

பில்டில் வித்தியாசம் வராததற்கு இன்னொரு காரணம், கம்பைலர் சிபியூவைத்தான் தின்கிறது. அதே நேரம் நோட் மாட்யூல்ஸ் மாதிரி ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை விண்டோஸில் கையாளும்போது, பல சமயம் இழுத்தடிப்பது ஆன்டிவைரஸ் ஸ்கேன். ஃபைல் எந்த டிரைவில் இருந்தாலும் டிஃபெண்டர் திறந்து பார்க்கும். டாஸ்க் மேனேஜரில் எது சிவக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். இதற்கு ஆபீசில் பாட்டில்நெக் அனாலிசிஸ் என்று பெயர், அதற்குத் தனிச் சம்பளம்.

5. வித்தியாசம் எங்கே வரும் என்று தெரிந்து அங்கே அடியுங்கள்.

படிப்பதில் கேஷ் காப்பாற்றிவிடும். எழுதுவதில், அதுவும் 'டிஸ்க்கில் இறங்கியது உறுதியா' என்று கேட்டு நிற்கும் எழுத்தில், அது காப்பாற்றாது. போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் எஃப்சிங்க் என்று ஒன்றைக் கூப்பிட்டு, டேட்டா உண்மையாகவே இறங்கும் வரை காத்திருக்கும். கரன்ட் போனாலும் பேங்க் கணக்கு தப்பாமல் இருக்க அது அவசியம். ஆனால் உங்கள் டெஸ்ட் சூட்டில், நூறு டெஸ்ட்டும் தலா சில வரிகளை எழுதி, சரிபார்த்து, அழிக்கின்றன. அந்த டேட்டாவுக்கு ஐந்து நிமிட ஆயுள்கூட இல்லை. அதற்கும் இதே காவல், இதே காத்திருப்பு.

டிஎம்பிஎஃப்எஸ்ஸில் எஃப்சிங்க் கூப்பிட்டால் காத்திருக்க ஒன்றுமில்லை, உடனே திரும்பிவிடும். டாக்கரில் போஸ்ட்கிரெஸ் ஓட்டுகிறவர்கள் 'டிஎம்பிஎஃப்எஸ்' ஆப்ஷனில் டேட்டா டைரக்டரியைக் கொடுத்தால் போதும். சின்னச் சின்னக் கமிட் நிறைய உள்ள சூட் என்றால் இங்கே வித்தியாசத்தை வாட்ச் இல்லாமலே பார்க்கலாம். பிறகு அதே சூட்டை எஸ்எஸ்டியில் வைத்து, போஸ்ட்கிரெஸ் செட்டிங்கில் எஃப்சிங்கை ஆஃப் செய்தும் ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், வேகம் ராமால் வந்ததல்ல, காத்திருப்பு போனதால் வந்தது என்று உங்கள் கையாலேயே நிரூபித்துவிட்டீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஒரு டேபிள்ஸ்பேஸை மட்டும் தூக்கி ராம் டிஸ்க்கில் வைக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம். அது போனால் மொத்த க்ளஸ்டரின் நம்பகமும் போகும் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணமே எச்சரிக்கிறது. டெஸ்ட்டுக்குத் தனி சர்வர் முழுசாக ராமில், இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

6. ரெஸ்யூமே வரி.

'ராம் டிஸ்க் பற்றிய அறிவு உண்டு' என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: 'போஸ்ட்கிரெஸ் இன்டக்ரேஷன் டெஸ்ட்டுகளை டிஎம்பிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றி, ஓடும் நேரத்தை இத்தனை நொடியிலிருந்து இத்தனை நொடிக்குக் குறைத்தேன். எஃப்சிங்க் காத்திருப்பே காரணம் என்று அளந்து உறுதி செய்தேன்.' எண்கள் உங்கள் மெஷினில் வந்தவையாக இருக்கட்டும். நெட்டில் சுட்ட எண்ணுக்கு இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடையும். ஸ்கிரிப்ட்டையும் ரிசல்ட்டையும் கிட்ஹப்பில் போட்டு லிங்க் கொடுங்கள்.

7. பேனல் கேட்பவை.

'டிஎம்பிஎஃப்எஸ் நிரம்பினா என்ன ஆகும்?' டிஸ்க்கில் இடமில்லை என்ற அதே எரர்தான் வரும். வரம்பை ராமுக்கு மேலே வைத்திருந்தால், முதலில் ஸ்வாப், அப்புறம் அவுட் ஆஃப் மெமரி கில்லர் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும்.

'பாஸ்வேர்ட் ஃபைலை அதுல வச்சா பத்திரமா?' அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லாதீர்கள். டிஎம்பிஎஃப்எஸ் பக்கங்கள் ஸ்வாப்புக்குப் போகலாம். ஸ்வாப் என்க்ரிப்ட் ஆகவில்லை என்றால் டிஸ்க்கில் தடயம் இருக்கும்.

'எல்லாத்தையும் ராம்லயே வச்சா ப்ரொடக்ஷன்ல எப்படிக் காப்பாத்துவீங்க?' பேனல் உங்களுக்குக் கதவைத் திறந்துவிடும் கேள்வி இது. ரெடிஸ் முழுக்க மெமரியில் ஓடுகிறது, ஆனால் ஸ்னாப்ஷாட் எடுக்கும், ஏஓஎஃப் என்ற லாகும் எழுதும். அந்த லாகை நொடிக்கொரு முறை டிஸ்க்குக்குத் தள்ளும்படி வைத்தால், விபத்தில் போவது சுமார் ஒரு நொடி டேட்டா. எஸ்ஏபி ஹானாவும் இன்-மெமரிதான். கமிட் ஆனதை லாகில் எழுதும், டிஃபால்ட்டாக 300 நொடிக்கொரு முறை சேவ்பாயின்ட் போடும். வீட்டில் 2 ஜிபி வைத்து விளையாடியவர் ஹானாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அந்த இன்டர்வியூவின் தொனியே மாறும். உங்கள் போட்டியாளர் அந்த நேரம் வெளியே சோஃபாவில் உட்கார்ந்து 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.

பேனலில் நரைத்த தலை ஒன்று இருந்தால் டாஸ் காலத்து 'ராம்டிரைவ்' பற்றி ஒரு வார்த்தை விடலாம். விண்டோஸ் 98 ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பி, தன் 1.44 எம்பிக்குள் டூல்களைச் சுருக்கி அடைத்துக்கொண்டு வந்து, ராமில் ஒரு டிரைவை உண்டாக்கி அதில் விரித்துப் போடும். அதில் மெஷினைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு முகம் மலரும். ஒரு வார்த்தைக்கு மேல் வேண்டாம்.

8. ஆபீசுக்கு எடுத்துப் போகும்போது.

ஏற்கெனவே வேலையில் இருக்கிறீர்களா? உங்கள் டீமின் சிஐ பைப்லைனில் டெஸ்ட் ஓடும் நேரத்தைப் பாருங்கள். எல்லோரும் அந்த நேரத்தில்தான் காபிக்குப் போகிறார்கள் என்றால் வாய்ப்பு உங்களுக்குத்தான். குபெர்னெட்டீஸில் எம்ப்டிடிர் வால்யூமுக்கு மீடியம் 'மெமரி' என்று கொடுத்தால் வீட்டில் போட்ட அதே டிஎம்பிஎஃப்எஸ். அங்கே எழுதுவது கன்டெய்னரின் மெமரி லிமிட்டில் கணக்காகும். லிமிட்டை உயர்த்தாமல் போட்டால் பாட் செத்து விழும், பழி உங்கள் தலையில். டெவ்ஆப்ஸ்காரரிடம் முதலில் பேசி அவரைக் கூட்டாளி ஆக்கிக்கொள்ளுங்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் அந்த மாற்றம் மெர்ஜ் ஆகாது.

லீடிடம் போகும்போது 'சார், டெஸ்ட் ரொம்ப லேட்டாகுது' என்று ஆரம்பிக்காதீர்கள், அது புகார். இப்போது இவ்வளவு, மாற்றினால் இவ்வளவு, ரிஸ்க் இது, திரும்பப் பெற ஒரு வரி என்று நான்கு வரியில் மெயில் போடுங்கள். மெயில் முதலில், டீக்கடைப் பேச்சு அப்புறம். டீக்கடையில் முதலில் சொன்ன ஐடியா திங்கட்கிழமை ஸ்டாண்ட்அப்பில் வேறு ஒருவர் வாயிலிருந்து வருவது புதிதல்ல. டிக்கெட்டை உங்கள் பெயரில் உருவாக்கி, அளந்த எண்களை அதிலேயே போட்டு மூடுங்கள். அப்ரைசல் ஃபார்மில் 'இந்த ஆண்டின் சாதனைகள்' என்ற கட்டத்தின் முன்னால் பக்கத்து சீட்காரர் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் டிக்கெட் நம்பரைத் தேடி ஒட்டினால் போதும்.